கடலடிச் சேற்றில் மழையின் கணக்கு

“மழை முன்போல் இல்லை” என்று சொல்லாத தலைமுறை ஒன்று நம் பக்கத்தில் இருந்திருக்குமா என்பது ஐயமே. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் பாட்டனார் அதைச் சொன்னார்; அவருக்குப் பின் என் தந்தையார் சொன்னார்; இப்போது என் வயதினரும் அதையே சொல்லுகிறோம். மூன்று தலைமுறையினர் சொன்னதும் அப்படியே மெய்யாக இருந்தால், செண்பகத்தோப்புக் காடு எப்போதோ பட்டுப்போயிருக்க வேண்டும். ஆயினும் அச்சொல்லை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. கண்மாய் நீரை நம்பி ஏர் பூட்டியவர்கள் வானத்தைப் பற்றி விளையாட்டாகப் பேசுவதில்லை.

சிக்கல் ‘முன்பு’ என்னும் சொல்லில் இருக்கிறது. எதற்கு முன்பு? தனி மனிதரின் நினைவு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லாது. அதிலும் வெள்ளம் வந்த ஆண்டும் பஞ்சம் வந்த ஆண்டும் மனத்தில் நிற்க, நடுத்தரமான ஆண்டுகள் மறந்து போகின்றன. ஏட்டில் எழுதிய கணக்கைப் புரட்டினாலும் நெடுந்தொலைவு போக முடியாது. சென்னையில் மழையளவு 1813 முதல் பதிவாகியிருக்கிறது. இந்தியா முழுமைக்குமான மழைக்கணக்கு 1871 முதல்தான் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. இருநூறு ஆண்டு என்பது நமக்குப் பெரிது. பல இலட்சம் ஆண்டுகளாக இத்துணைக்கண்டத்தின் மேல் வீசிவரும் பருவக்காற்றுக்கோ அது ஒரு நாழிகைப் பொழுது.

அந்த நெடுங்காலக் கணக்கு எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா? இருக்கிறது; கடலடிச் சேற்றில் இருக்கிறது. அதைப் படிக்கும் வழிகள் பல. அவற்றுள் ஒன்று, பள்ளிப் பிள்ளையின் கையில் இருக்கும் காந்தத்திற்கு நெருங்கிய உறவுடையது. அவ்வழியைப் பற்றியும், அது நம்மிடம் கேட்கும் பொறுமையைப் பற்றியும் வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

ஆற்று மணலில் கருந்துகள்

எங்கள் பள்ளிப் பருவத்தில் காந்தம் அரிய பொருள். பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று கிடைத்துவிட்டால், அதை நூலில் கட்டி ஆற்று மணலில் இழுத்துக்கொண்டே போவோம். சிறிது நேரத்தில் அதன் விளிம்பெங்கும் மீசை முளைத்ததுபோல் கருந்துகள் சிலிர்த்து நிற்கும். அதைத் தாளில் உதறி, தாளின் அடியில் காந்தத்தை நகர்த்தினால், துகள்கள் எழுந்து நடப்பதுபோல் தோன்றும். ஒருநாள் அந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் தந்தையார், “மணலுக்குள்ளே இரும்பு எங்கேயிருந்துடா வந்துச்சு?” என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். அவர் மேற்கே மலையைக் கையால் காட்டிவிட்டு நடந்தார்.

அவர் காட்டிய திசை சரியானது. இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலைகள் சார்னோக்கைட், நைஸ் முதலிய மிகத் தொன்மையான பாறைகளால் ஆனவை. இத்தகைய பாறைகளில் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு சிறிதளவு கலந்திருக்கும். வெயிலும் மழையும் பாறையைச் சிதைக்க, முடங்கியாறும் அருச்சுனா நதியும் அவற்றோடு சேரும் ஓடைகளும் அச்சிதைவைச் சுமந்து இறங்குகின்றன. சாத்தூர் வழியே வரும் வைப்பாற்றோடு அருச்சுனா நதி இருக்கன்குடியில் கூடுகிறது. அதன்பின் வைப்பாறு கரிசல் நிலத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு அது. நீர் புரண்டோடும் சில நாள்களிலேயே மலையின் ஒரு சிறு பங்கு கடலுக்குப் போய்ச் சேருகிறது.

மழை வலுத்தால் ஆறு பருமணலையும் புரட்டிச் செல்லும். மழை மெலிந்தால் நுண்ணிய வண்டலே கடலை அடையும். மழை நீடித்துப் பெய்யும் காலங்களில் மலைச்சரிவுகளில் மண் ஆழமாக விளையும். அம்மண்ணில் பாறையில் இல்லாத புதிய இரும்புத் துகள்களும் உண்டாகும். வறட்சி நீண்டால் புழுதி எழும். காற்று அதைத் தூக்கிச் சென்று நடுக்கடலில் தூவும். இவை அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலடியில் படிகின்றன. ஆகவே சேற்றில் உள்ள இரும்புத் துகள்களின் அளவும் பருமனும் வகையும், அவை புறப்பட்ட நாளின் வானிலையைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘சூழலியல் காந்தவியல்’ என்று இன்று அழைக்கப்படும் துறையின் அடிப்படை எண்ணம் இவ்வளவே. ஏரிச் சேறுகளில் இவ்வழியைத் தேடிச் சென்ற ராய் தாம்சன், ஃபிராங்க் ஓல்ட்ஃபீல்ட் என்னும் இருவர் 1986-ஆம் ஆண்டு எழுதிய நூலே அத்துறைக்குப் பெயரும் உருவமும் தந்தது.

அடுக்கின்மேல் அடுக்கு

கீழே கிடக்கும் அடுக்கு மூத்தது, மேலே கிடப்பது இளையது. இது குழந்தைக்கும் விளங்கும் உண்மைபோல் இன்று தோன்றுகிறது. ஆனால் இதைத் தெளிவான விதியாக வகுத்து 1669-இல் ஃபுளாரன்சு நகரில் நூலாக வெளியிட்டவர் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டென்மார்க்கு நாட்டு மருத்துவர். ஸ்டெனோ என்ற பெயரால் அறிவியலுலகம் அவரை அறியும். கத்தோலிக்க வாசகர்களுக்கு அவர் அயலாரல்லர். 1667-இல் நம் திருச்சபையில் சேர்ந்து, 1675-இல் குருவாகி, 1677-இல் ஆயரானவர் அவர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-ஆம் ஆண்டு அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். மலையடுக்கில் பதிந்து கிடந்த சிப்பியையும் சுறாவின் பல்லையும் பொறுமையாக நோக்கி, ‘இது ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது’ என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. இன்று கடலடியைத் துளைத்துச் சேற்றை எடுக்கும் ஒவ்வொருவரும் அவர் வகுத்த விதியின்மேல் நின்றே வேலை செய்கிறார்கள்.

ஆழ்கடலில் படிவு மிக மெதுவாக வளருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் என்பது பொதுவான அளவு. பேராறுகளின் முகத்துவாரத்திற்கு அருகே அது பன்மடங்கு விரைவாக இருக்கும். கப்பலிலிருந்து நீண்ட குழாயை இறக்கி, சேற்றைக் குலையாமல் உருளை வடிவில் எடுக்கிறார்கள். நம் நாட்டுக்கு 1983-இல் கிடைத்த ‘சாகர் கன்யா’ முதலிய ஆய்வுக் கப்பல்கள் இப்பணியில் ஈடுபட்டன. ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ என்னும் அமெரிக்கத் துளைப்புக் கப்பலில் ஒருமுறை குழாயை இறக்கினால் ஒன்பதரை மீட்டர் நீளச் சேறு மேலே வந்தது. அதை ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக வெட்டி, ஒரு கம்பிச்சுருள் வளையத்தின் ஊடே மெல்லச் செலுத்துவார்கள். வளையத்தில் மெல்லிய காந்தப்புலம் மாறி மாறி எழும். சேற்றில் காந்தத் துகள் மிகுந்திருந்தால் அப்புலத்தில் மாற்றம் மிகும். இதற்குக் காந்த ஏற்புத்திறன் என்று பெயர். சில நொடிகளில் ஒரு அளவு கிடைக்கும். சேற்றைக் கரைக்க வேண்டியதில்லை, எரிக்க வேண்டியதில்லை. அளந்து முடித்த பின்னும் அது அடுத்த ஆய்வாளருக்காக அப்படியே இருக்கும்.

அடுக்குகளின் வயதை அறியப் பிற வழிகள் உதவுகின்றன. சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளில் கார்பன்-14 அளந்து ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை கணக்கிடலாம். அதற்கும் முந்திய காலத்திற்குப் புவியின் காந்தமே கைகொடுக்கிறது. ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் புவியின் காந்த முனைகள் இடம் மாறின. அதற்கு முன்பும் பலமுறை மாறியிருக்கின்றன. சேற்றில் படியும் துகள்கள் அந்தந்தக் காலத்துக் காந்தத் திசையை நோக்கி அடங்கிவிடுவதால், திசை தலைகீழாகும் அடுக்கு ஒரு மைல்கல்லாக நிற்கிறது. துகளின் திசை காலத்தைச் சொல்லுகிறது. துகளின் அளவும் வகையும் தட்பவெப்பத்தைச் சொல்லுகின்றன.

நம் வட்டாரத்திற்குக் காந்த அறிவியலில் தனியிடம் ஒன்று உண்டு. தொங்கவிட்ட காந்த ஊசி வட நாடுகளில் மண்ணை நோக்கிச் சாயும். தென்கோடித் தமிழகத்திலோ கிட்டத்தட்ட மட்டமாகவே நிற்கும். காந்த நடுக்கோடு இவ்வழியே அருகில் செல்வதே காரணம். அதனால்தான் 1971-இல் தன்னாட்சி பெற்ற இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வகம் ஒன்றைத் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் அமைத்தது. அங்கே நோக்குவது பெரும்பாலும் வானத்தை. அதே நிறுவனத்தின் நவிமும்பை ஆய்வகங்களில் ஏரிச் சேறும் கடற்சேறும் அளக்கப்படுகின்றன.

துகள் சொல்லும் சான்று

இவ்வளவு எளிய அளவீடு என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கத் தோன்றும். வங்காள விரிகுடாவையே எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தளம் முழுவதும் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொணர்ந்த வண்டல் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கோதாவரி தக்காணத்தின் எரிமலைப் பாறையான பசால்ட்டை அறுத்துக்கொண்டு வரும் ஆறு. பசால்ட்டில் மேக்னடைட் மிகுதி. இமயத்து வண்டலில் குறைவு. சாங்கோடே, சுரேஷ், பகதி ஆகியோர் காந்த ஏற்புத்திறன் கடலடியில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை ஆராய்ந்து, வங்காள விரிகுடாப் படிவில் கோதாவரியின் பங்கு உண்டென்று 2001-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். இரண்டு ஆறுகளின் சேறு கண்ணுக்கு ஒரே சேறுதான். காந்தத்துக்கு அவை வெவ்வேறு.

மேற்கே அரபிக்கடலில் சான்று சொல்லுவது காற்று. 1987-ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒரு துளைப்புப் பயணம் ஓமன் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஓவன் முகட்டில் சேறு எடுத்தது. அராபிய, சோமாலியப் பாலைகளிலிருந்து காற்று அள்ளிவந்த புழுதியில் காந்தத் துகள் உண்டு; ஆகவே ஏற்புத்திறன் ஏறும் இடமெல்லாம் புழுதி மிகுந்த வறண்ட காலம். ஜான் புளூமெண்டால், பீட்டர் டிமெனோகல் இருவரும் 1989-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவு வியப்பானது. 24 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 23,000, 19,000 ஆண்டுச் சுற்றுகளைத் தழுவியது. புவியின் அச்சு பம்பரம்போல் தள்ளாடும் சுற்று அது. அதன்பின் 41,000 ஆண்டுச் சுற்று ஓங்கியது. அது அச்சின் சாய்வு கூடிக் குறையும் சுற்று. வடதுருவப் பக்கம் பனிப்பாளங்கள் பெருகத் தொடங்கிய காலமும் அதுவே. எங்கோ வடக்கே உறைந்த பனி, வெப்பநாட்டுக் காற்றின் நடையையே மாற்றியது என்பதற்கு ஒரு வளையத்தின் ஊடே சென்ற சேறு சாட்சி.

துகளின் பருமனும் பேசும். மழையும் வெப்பமும் சேர்ந்த மண்ணில் விளையும் இரும்புத் துகள்கள் மிக மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே உடையவை. காந்தப்புலத்தின் அதிர்வை மெதுவாக வைத்து ஒருமுறையும் விரைவாக வைத்து மறுமுறையும் அளந்தால், இவை மட்டும் வேறுபட்ட விடை தரும். ஆகவே கடற்சேற்றில் இவை மிகுந்தால், ஆற்றின் தலைப்பகுதியில் மழை செழித்து மண் விளைந்தது என்று ஊகிக்கலாம். இரும்புத் துருவின் வகைகளுள்ளும் வேறுபாடு உண்டு. ஹேமடைட் என்பது வெம்மையும் வறட்சியும் மாறிவரும் நிலத்தில் மிகும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மை மணல்மணிகள்மேல் படிந்த அந்த ஹேமடைட்டின் செம்மையே. கோதைட் என்பது ஈரம் தங்கும் மண்ணில் மிகும். இவ்விரண்டின் விகிதமும் ஈரத்தின் அளவுகோலாக உதவும்.

காந்தத்தைப் பாறை மட்டுமே செய்வதில்லை, உயிரும் செய்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் பிளேக்மோர் என்னும் ஆய்வாளர் 1975-இல் சேற்று நீரைத் துளியாக எடுத்து நோக்கியபோது, சில பாக்டீரியாக்கள் எப்போதும் ஒரே திசையில் நீந்தக் கண்டார். தம் உடலுக்குள் மேக்னடைட் மணிகளை மாலைபோல் கோத்து வைத்திருக்கும் உயிர்கள் அவை. இத்தாலியில் சால்வதோரே பெல்லினி 1963-லேயே இத்தகைய பாக்டீரியாக்களைக் கண்டு எழுதியிருந்தார். அவை மடிந்த பின்னும் அம்மணிகள் சேற்றில் எஞ்சும். ஆகவே ஆய்வாளர் எண்ணும் துகள்களில் மலையிலிருந்து வந்தவை எத்தனை, சேற்றிலேயே பிறந்தவை எத்தனை என்று பிரித்தறிந்தாக வேண்டும்.

அழிந்துபோன எழுத்து

இங்கேதான் இத்துறையின் கடினமான பகுதி தொடங்குகிறது. சேறு தன்னிடம் வந்ததை எல்லாம் பத்திரமாக வைத்திருப்பதில்லை. கடலடியில் உயிர்ச்சத்து அழுகும் இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்தவுடன், சில நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தத் தொடங்கும். அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு அங்கே உண்டாகும். அது மேக்னடைட்டைக் கரைத்துப் பைரைட்டாக மாற்றிவிடும். பைரைட்டுக்குக் காந்தத்தன்மை ஏறக்குறைய இல்லை. ஆகவே ஏற்புத்திறன் திடீரென வீழ்ந்த ஓர் அடுக்கைக் கண்டவுடன் ‘இங்கே மழை பொய்த்தது’ என்று எழுதிவிட முடியாது. மழை பெய்திருக்கலாம், ஆறு துகளைக் கொண்டுவந்தும் சேர்த்திருக்கலாம், பின்னால் சேறு அதைத் தின்றுவிட்டிருக்கலாம்.

கிருஷ்ணா, கோதாவரி முகத்துவாரங்களுக்கு அப்பாலுள்ள கடற்படுகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2006-ஆம் ஆண்டு இந்தியாவின் எரிவாயு ஹைட்ரேட் திட்டத்திற்காக ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ அங்கே துளைத்தது. தேடியது எரிபொருளை. எடுத்த சேறோ பலதுறை அறிஞர்களுக்கும் பயன்பட்டது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஃபிரோஸ் பாதேசாப், பவன் தேவாங்கன் முதலியோர் அப்படுகையின் சேற்றைக் காந்த முறையில் ஆராய்ந்து வருகிறார்கள். அடியிலிருந்து கசியும் மீத்தேனும் மேலிருந்து இறங்கும் சல்பேட்டும் சந்திக்கும் ஆழத்தில் மேக்னடைட் கரைகிறது. சில இடங்களில் கிரெய்கைட் என்னும் காந்தத்தன்மையுள்ள இரும்புச் சல்பைடு புதிதாகப் பிறக்கிறது. மழைக்கணக்கைத் தேடுவோருக்கு இது இடையூறு. மீத்தேன் கசிவின் வரலாற்றைத் தேடுவோருக்கோ அதுவே சான்று.

கடல்மட்டமும் ஏமாற்றும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி உச்சத்தில் இருந்தபோது, கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை நிலமாக இருந்தது; இந்தியாவும் இலங்கையும் ஒரே கரையாக இருந்தன. நம் ஆறுகளெல்லாம் இன்றைய கரையைக் கடந்து இன்னும் நெடுந்தொலைவு ஓடிக் கடலில் விழுந்தன. ஆகவே இன்று ஆழத்தில் கிடக்கும் ஓர் இடத்திற்கு அன்று ஆறு அண்மையில் இருந்தது. அங்கே பருந்துகள் மிகுந்திருந்தால் அது மழையின் பெருக்காலா, ஆற்றின் அண்மையாலா?

இவ்வையங்களைத் தீர்க்கப் பல சாட்சிகளை ஒருங்கே விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. காந்தம் சொன்னதை நுண்ணோடுகளின் வேதியியலும், மகரந்தமும், களிமண்ணின் வகையும் ஒத்துச் சொல்லுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதும் நடுவரை நாம் மதிப்பதில்லை. அறிவியலிலும் அதுவே நியதி.

மழையின் பழைய நடை

அப்படிப் பல சாட்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஒரு பெருங்கோடு தெளிவாகியிருக்கிறது. பனியூழியின் உச்சத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மெலிந்தும், வடகிழக்குக் காற்று வலுத்தும் இருந்தன. பின்னர் வடபாகத்துக் கோடையில் சூரிய வெப்பம் மிகுந்த காலம் வந்தது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சில ஆயிரம் ஆண்டுகள் தென்மேற்குப் பருவமழை இன்றைவிட வலுவாகப் பெய்தது. அதன்பின் அது ஏற்ற இறக்கங்களோடு படிப்படியாகத் தணிந்தது. நம் மலைத்தொடரின் வடபால் நீலகிரியில், சதுப்பு நிலக் கரிமண்ணை ஆராய்ந்து சுகுமாரும் உடனுழைத்தோரும் 1993-இல் வெளியிட்ட முடிவும் இதனோடு இசைகிறது: பனியூழியின் உச்சத்தில் வறட்சிக்கேற்ற புல்வெளி ஓங்கியிருந்தது, பின்னர் ஈரம் மிகுந்தது. அங்கே அளந்தது காந்தத்தையன்று, கார்பனை. கடலும் மலையும் தனித்தனியே விசாரிக்கப்பட்டு ஒரே கருத்தைச் சொல்லும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது.

ஆனால் மடவார் வளாகத்தில் வாழும் எனக்கு இதில் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்குச் சாரலை மட்டும் அனுப்புகிறது. நம் கண்மாய்களை நிறைப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. இரண்டு பருவங்களும் எப்போதும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவதில்லை. அரபிக்கடல் வறட்சியென்று சொல்லும் காலம் நமக்கும் வறட்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே நம் வட்டாரத்தின் கணக்கை இன்னொரு கடலின் ஏட்டிலிருந்து நேராகப் படியெடுத்துக்கொள்ள முடியாது. நம் ஆறுகள் சென்று விழும் கடலின் சேற்றிலும் நம் குளங்களின் வண்டலிலும் தேட வேண்டியது அது. உலகச் சராசரி என்று ஒன்றைச் சொல்லி ஒவ்வோர் ஊரின் கவலையையும் ஆற்றிவிட முடியாது என்பதை வேளாண் மக்கள் நன்கறிவார்கள்.

நம் கடற்கரையில் இம்முறை வேறொரு துயரத்தையும் படித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை கடலடியைக் கலக்கி விட்டுச்சென்ற படிவைத் தமிழகக் கரைக்கு அப்பால் எடுத்த சேற்றில், வீரசிங்கம், வெங்கடாசலபதி முதலியோர் காந்த அளவீட்டாலும் வேதியியலாலும் இனங்கண்டு 2014-இல் எழுதினார்கள். அந்த நாளை நாம் கண்ணீரால் அறிவோம். நமக்குப் பின் வருவோர் ஓர் அடுக்காகவும் அறிவார்கள்.

நம் காலத்தின் அடுக்கு

கோதாவரிக்கு எதிரே 2006-இல் எடுத்த சேற்றுருளை ஒன்றைப் பற்றி லிவியு ஜியோசானும் உடனுழைத்தோரும் 2017-இல் வெளியிட்ட கட்டுரை என்னை நெடுநேரம் எண்ணவைத்தது. அவர்கள் முக்கியமாக நம்பியது நியோடிமியம் என்னும் தனிமத்தை. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பருவமழை தணிந்து நிலம் வறண்டுகொண்டிருந்த வேளையில், கடலுக்கு வந்த மண் குறையவில்லை, பெருகியது. மழை குறைந்தால் மண்ணரிப்பும் குறையும் என்றல்லவா எதிர்பார்ப்போம்? நிலத்தின் பசும்போர்வை மெலிந்ததும், காடழித்து உழவு விரிந்ததும் சேர்ந்து மண்ணைத் தளர்த்திவிட்டன என்பது அவர்கள் கண்ட விளக்கம். அதாவது, மனிதன் கையில் கலப்பை ஏந்திய நாள்முதல் கடலின் ஏட்டில் அவனும் எழுதத் தொடங்கிவிட்டான். வானம் எழுதியது எது, நாம் எழுதியது எது என்று பிரித்துப் படிக்க வேண்டிய காலம் அப்போதே தொடங்கிவிட்டது.

இப்போது நாம் என்ன எழுதுகிறோம்? ஆற்றின் மணலை அள்ளுகிறோம். அணை கட்டி வண்டலைத் தடுக்கிறோம். சித்திரை வைகாசியில் கண்மாயின் கரம்பையை வண்டிகளில் அள்ளி வயலுக்கு அடித்த வழக்கம் தளர்ந்து, மடைகள் மண்ணில் அமிழ்வதைப் பார்க்கிறோம். நிலக்கரி எரியும் இடங்களில் எழும் சாம்பலில் காந்தத்தன்மையுள்ள நுண்ணுருண்டைகள் உண்டு. வண்டிகளின் புகையிலும் இரும்புத் துகள் உண்டு. இவையும் காற்றாலும் நீராலும் கடலைச் சேர்ந்து படிகின்றன. மலையிலிருந்து வந்த துகள் முனைமுறிந்த மணியாக இருக்கும். உலையிலிருந்து வந்தது உருண்டையாக இருக்கும். பிற்காலத்தார் இரண்டையும் எளிதில் பிரித்தறிவார்கள்.

ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் சேறு படிகிறது என்று கொள்வோம். இருபது ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர். எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருவருடைய காலம் முழுவதும் மூன்றரை மில்லிமீட்டரில் அடங்கிவிடும். என் பாட்டனாரும் தந்தையாரும் நானும் மழைக்காக ஏங்கிய ஆண்டுகள் அத்தனையும் ஒரு விரல்கடைக்குக் குறைவு. இந்த எண்ணம் என்னைச் சிறுமைப்படுத்தவில்லை. என் கவலையை ஒழுங்குபடுத்தியது. மழை என்றும் ஒரே அளவாகப் பெய்ததில்லை என்பதைச் சேறு கற்பிக்கிறது. அது நமக்கு ஆறுதல். ஆனால் அன்று மாறியவை பல ஆயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறின. மாற்றத்திற்கு ஈடுகொடுக்கக் காடும் மண்ணும் இருந்தன. காட்டையும் மண்ணையும் செலவழித்துவிட்டு, ‘மழை முன்பும் மாறியதுதானே’ என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அது நமக்கு எச்சரிக்கை.

பருவக்காற்றை நாம் ஏவ முடியாது. அது கொணரும் நீர் மலையின் மண்ணோடு ஓடிக் கடலில் வீணாகுமா, வேரிலும் கண்மாயிலும் தங்குமா என்பது மட்டும் ஓரளவு நம் கையில் இருக்கிறது. வரத்துக்கால்களை அடைத்திருக்கும் சீமைக் கருவேலத்தை அகற்றுவதும், கலுங்கைச் செப்பனிடுவதும், மலையடிவாரக் காட்டைக் காப்பதும் பெரிய அறிவியல் அல்ல. ஆயினும் ஓர் ஊர் அவற்றைச் செய்ததா, கைவிட்டதா என்பது ஒரு மழைக்காலத்தில் ஆற்றுநீரின் நிறத்திலேயே தெரிந்துவிடும். இவ்வாண்டு ஐப்பசியில் அருச்சுனா நதியில் வெள்ளம் வந்தால், பாலத்தின்மேல் நின்று நீர் எவ்வளவு உயர்ந்தது என்று மட்டும் பாராமல், அது எவ்வளவு செந்நிறமாக ஓடுகிறது என்றும் பாருங்கள். அந்தச் செம்மை முழுவதும் நம் மலையின் மண், திரும்பி வராது.